மொறிஸ் மைனர்: எஞ்சினை விடுங்கள், முதலில் முன்சில்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்

கேள்வி:

எங்கள் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. 1958ஆம் ஆண்டு வண்டி, 948 சி.சி. எஞ்சின். அப்பா ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் வாங்கியது. பெற்றோல் வராத தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடியிருக்கிறது. அப்பா போன பிறகு சில வருடம் கொட்டகையிலேயே நின்றது. இப்போது ஸ்டார்ட் வருகிறது, ஓடவும் செய்கிறது. ஆனால் கேற்றுக்குள் திருப்பி எடுக்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். நேர் றோட்டில் ஸ்ரியறிங் அலைகிறது. பிறேக் முதல் மிதியில் அடிவரை இறங்கி, இரண்டாம் மிதியில்தான் பிடிக்கிறது. நீலப் புகையும் வருகிறது. கராஜில் காட்டியபோது எஞ்சினை இறக்கி முழுதாகச் செய்ய வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். தம்பியோ, ஜப்பான் எஞ்சின் ஒன்று வாங்கிப் போட்டுவிடு என்கிறான். எனக்கு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய பழக்கம் உண்டு. தேய்ந்த பாகங்களை வீட்டிலேயே நானே மாற்றலாமா ஐயா? எங்கிருந்து தொடங்குவது?

– வாசகர், கோண்டாவில்

பதில்:

மாற்றலாம். மோட்டார் சைக்கிளைக் கழற்றி மிச்சம் இல்லாமல் பூட்டத் தெரிந்தவருக்கு மைனரில் கைவைக்க முடியாத இடம் குறைவு. ஆனால் கராஜில் சொன்ன வரிசையில் செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தில் நாலு குறைகள் இருக்கின்றன. அதில் உயிருக்கு ஆபத்தில்லாதது புகை ஒன்றுதான். அதற்குத்தான் முதலில் விலை சொல்லியிருக்கிறார்கள். அந்த 'டொக்' சத்தமும் அடிவரை இறங்கும் பிறேக்கும் தீரும்வரை வண்டியைக் கேற்றுக்கு வெளியே எடுக்காதீர்கள். உறவினர் கலியாணத்துக்கு மாப்பிள்ளை கார் வேண்டும் என்று யார் கேட்டாலும் சரி.

சத்தத்திலிருந்து தொடங்குவோம். மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியை வரைந்தவரும் அவரே. 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னர்தான், மாதிரி வண்டி ஒடுங்கித் தெரிகிறது என்று அதை நடுவால் அறுத்து 4 அங்குலம் அகட்டினார். உங்கள் வண்டியின் பொனற்று நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் அந்தப் பட்டி அப்படி வந்ததுதான். அதே மனிதர் முன்சில்லுகளுக்கு லீவ் ஸ்பிரிங் வைக்காமல் டோர்ஷன் பார் வைத்தார். நீளமான உருக்குக் கம்பி ஒன்று, ஒரு முனை வண்டியின் நடுக் குறுக்குச் சட்டத்தில், மறு முனை சில்லைத் தாங்கும் கீழ்க் கையில். சில்லு மேலே போனால் கம்பி முறுகும், திரும்ப நிமிரும். றாக் அண்ட் பினியன் ஸ்ரியறிங்கும் சேர்ந்ததால், வளைவில் அந்தக் காலத்து எந்தச் சின்னக் காரையும் விட மைனர் வடிவாகத் திரும்பியது.

இந்த அழகான அமைப்பில் ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. சில்லைப் பிடித்திருக்கும் நிலைக்கால் ஒன்று செங்குத்தாக நிற்கும். அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் புரி வெட்டியிருக்கும். அந்த இரண்டு புரிகளும் போத்தலும் மூடியும் போல இரண்டு உலோகக் கட்டைகளுக்குள் திருகியிருக்கும். உதிரிப்பாகக் கடையில் கேட்பதானால் ட்ரனியன் என்று கேட்க வேண்டும். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது நிலைக்கால் அந்தக் கட்டைக்குள் கொஞ்சம் திருகி ஏறும், கொஞ்சம் திருகி இறங்கும். மேல் ட்ரனியனுக்குப் பெரிய பாரம் இல்லை. கீழ் ட்ரனியன் அப்படியல்ல. வண்டியின் முன்பாரத்தில் அந்தப் பக்கத்துப் பங்கு முழுவதும் டோர்ஷன் பாரிலிருந்து கீழ்க் கைக்கும், கீழ்க் கையிலிருந்து அந்தப் புரிச் சுற்றுகளுக்கும், அங்கிருந்து சில்லுக்கும் போகிறது. நடுவில் கிறீஸ் இருந்தால் பல காலம் ஓடும். கிறீஸ் வற்றினால் உலோகம் உலோகத்தைத் தின்னும். புரி கூராகி, பிறகு மழுங்கி, ஒருநாள் நிலைக்கால் கட்டையை விட்டு மேலே உருவிக்கொண்டு வந்துவிடும். சில்லு மட்காட்டுக்குள் மடிந்து, வண்டியின் மூக்கு றோட்டில் உட்கார்ந்துவிடும்.

பெரும்பாலும் இது நடப்பது ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போதுதான். கேற்றடியில், கடைவாசலில், பார்க்கிங்கில். புரிகளின் பிடி அப்போதுதான் மிகக் குறைவு. அதனால் ஆட்கள் தப்பிவிடுகிறார்கள், வண்டியின் மட்காட் மட்டும் போகிறது. எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட நான் தயாரில்லை. நீங்கள் எழுதியிருக்கும் சத்தம் வருவதும் கேற்றுக்குள் திருப்பும்போதுதான் என்பதைக் கவனியுங்கள்.

சோதிப்பதற்குக் காசு வேண்டாம், ஒரு ஆள் வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி, சில்லு தரையை விட்டு எழும்பியதும், ரயரின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கிறதா? இப்போது கூட நிற்பவரை பிறேக்கை மிதிக்கச் சொல்லி, திரும்பவும் ஆட்டுங்கள். பிறேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் தேய்ந்தது சில்லின் பெயரிங். மிதித்த பிறகும் ஆடினால் நிலைக்காலும் ட்ரனியனும். அடுத்து, ஒரு கடப்பாரையை ரயருக்கு அடியில் கொடுத்து மேலே நெம்புங்கள். கூட நிற்பவர் கீழ் ட்ரனியனுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்திருக்கட்டும். நிலைக்கால் கட்டைக்குள் மேலும் கீழும் குதித்தால் வேறு விசாரணை வேண்டாம். கடைசியாக ரயரை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ஸ்ரியறிங் கம்பியின் நுனியிலுள்ள பந்து மூட்டு தேய்ந்திருந்தால் அதில் தெரியும். ஸ்ரியறிங் அலைவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கீழ்க் கையின் றப்பர் புஷ்கள் நைந்திருந்தாலும் அப்படித்தான் அலையும்.

இந்தச் சோதனைகள் முடிவதற்கு முன் ஒரு பாகமும் வாங்காதீர்கள். பழைய காரை வீட்டில் திருத்துகிறவர்கள் அதிகம் காசை விடுவது இங்கேதான். சத்தம் கேட்டது, கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போனார்கள், கடைக்காரர் காட்டியதையெல்லாம் வாங்கினார்கள், பூட்டினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. மைனரில் பாகத்தை மாற்றுவது பின்னேர வேலை. எதை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நிதானம் தேவை.

வண்டியைத் தூக்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. வண்டியோடு வந்த பழைய ஜாக் இருந்தால் அலுமாரியில் வையுங்கள். அது பொருந்தும் இடம் துருப்பிடித்து உள்ளே அமிழும். கடல் காற்று அடிக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம். ஹைட்ரோலிக் ஜாக் ஒன்றும், இரும்புத் தாங்கிகள் இரண்டும் வாங்குங்கள். இந்த வேலைக்கு நீங்கள் செலவழிக்கும் முதல் காசு அதுவாக இருக்கட்டும். மணல் முற்றத்தில் ஜாக்குக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி வைத்து அதன்மேல் வண்டியை நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கல் வெடிக்கும்போது எச்சரிக்கை எதுவும் தராது. தாங்கிக்குத் துணையாக இன்னொன்று வேண்டுமென்றால், பக்கத்தில் ஒரு பனங்குற்றியைப் போட்டு வைப்பது எவ்வளவோ நல்லது.

வண்டி மேலே இருக்கும்போதே ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு அடிப்பக்கம் போய்க் குத்திப் பாருங்கள். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடம்பே சட்டகம். டோர்ஷன் பார் நங்கூரமிட்டிருக்கும் நடுக் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், பின் ஸ்பிரிங்கின் முன் தொங்கல், கதவடிப் பெட்டி ஆகிய மூன்றும் முக்கியம். திருப்புளி உள்ளே போனால் அது வெல்டிங் தெரிந்தவரின் வேலை. மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைச் செய்விக்க வேண்டும். உக்கிய தகட்டில் புது ட்ரனியனைப் பூட்டிப் பயனில்லை.

தகடு சரி, ட்ரனியன் பிழை என்று வைத்துக்கொள்வோம். வேலையின் ஆபத்து ஒன்றே ஒன்றில்தான் இருக்கிறது. டோர்ஷன் பார் வண்டியின் பாரம் இல்லாதபோதும் முறுகியேதான் நிற்கும். கீழ்க் கையைத் தாங்காமல் அதன் போல்ற்றுகளைக் கழற்றினால், கை சடாரென்று கீழே அடிக்கும். அடியில் உங்கள் கை இருந்தால் எலும்பு மிஞ்சாது. எனவே தாங்கிகள் வண்டியின் உடம்பைத் தாங்கட்டும். இன்னொரு ஜாக்கைக் கீழ்க் கையின் வெளி முனைக்கு அடியில் வைத்து, கை அதில் அமரும்வரை உயர்த்துங்கள். பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

கீழ்க் கை இரண்டு பாதிகளாக இருக்கும். முன்பாதி கழலக்கூடியது. அதிலிருந்து வண்டியின் முன்னுக்குப் போகும் இழுகம்பியை முதலில் விடுவியுங்கள். முன்பாதியைக் கழற்றியதும் ட்ரனியனும் அதன் குறுக்கு ஊசியும் வெளியே வர இடம் கிடைக்கும். ட்ரனியன் கையை விட்டு வந்த பிறகு, ஜாக்கை மெல்ல மெல்ல இறக்குங்கள். கை தன் முறுக்கை இழந்து தொங்கும். இப்போது ஆபத்து முடிந்தது, நிதானமாகத் தேத்தண்ணி குடிக்கலாம். நிலைக்காலை மேலே ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள். பாரம் பிறேக் குழாயில் தொங்கக்கூடாது.

அடுத்து, ட்ரனியனை நிலைக்காலிலிருந்து திருகிக் கழற்ற வேண்டும். பலர் பலம் முழுவதையும் பிழையான திசையில் காட்டுவது இங்கேதான். ஒரு பக்கத்து நிலைக்காலில் வலப்புரி, மறுபக்கத்தில் இடப்புரி. இடப் பக்கத்துப் பாகம் வலப் பக்கத்துக்குச் சரிவராது. வாங்கும்போதே பக்கம் சொல்லி வாங்குங்கள். கழன்றதும் நிலைக்காலின் புரியை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புரியின் உச்சி தட்டையாக, ஒரே அகலமாக இருந்தால் புது ட்ரனியன் மட்டும் போதும். கத்தி விளிம்பாகக் கூர்ந்திருந்தால் நிலைக்காலையும் சேர்த்து மாற்ற வேண்டும். அப்போது ஹப், பிறேக் தட்டு எல்லாம் இறங்கும், வேலை இரட்டிக்கும். தேய்ந்த காலில் புது ட்ரனியனைப் போட்டு ஓட்டினால் புதிதும் சீக்கிரம் போய்விடும். புரியை வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் திரும்ப வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். நம் ஊர் லேத்காரர்களின் கைத்திறனில் எனக்கு மரியாதை நிறைய உண்டு. புஷ் கடையச் சொல்லுங்கள், பிறேக் ட்ரம் கடையச் சொல்லுங்கள். ஆனால் வண்டியின் பாரம் தொங்கும் புரியை அப்படிச் செய்விக்காதீர்கள்.

புதிதைப் பூட்டுவதற்கு முன் கிறீஸ் நிப்பிளைப் போட்டு, கிறீஸ் கன்னால் அடித்து, கிறீஸ் புரிக்குள் வருகிறதா என்று பாருங்கள். துளைக்குள் கடைசல் தூள் அடைத்துக்கொண்டு வரும் புதுப் பாகங்கள் உண்டு. றப்பர் வளையத்தை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மண்ணும் தண்ணீரும் நேராகப் புரிக்குள் போகும். கடைசிவரை திருகி ஏற்றி, பிறகு ஸ்ரியறிங் இரு பக்கமும் முழுதாக ஒடியுமளவுக்குத் திருப்பி இறக்குங்கள். அப்படி இறக்காமல் விட்டால் ஒரு பக்கம் திருப்பும்போது புரி முட்டி நெரியும். றப்பர் புஷ் உள்ள போல்ற்றுகளை வண்டி சில்லில் நின்ற பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் றப்பர் முறுகிக் கிழியும்.

இதற்குப் பிறகு 1000 மைலுக்கு ஒரு தடவை, நம் கணக்கில் 1600 கிலோமீற்றர், கிறீஸ் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. சில்லைத் தரையை விட்டுத் தூக்கிவிட்டு, ஸ்ரியறிங்கை இரு பக்கமும் திருப்பித் திருப்பி அடியுங்கள். பாரம் இருக்கும்போது அடித்தால் தேவையான பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. நீங்கள் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுக்கிறவராக இருந்தால் மைலைப் பார்க்காமல் மாதத்தைப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தமிழ்நாட்டு வாசகர்கள் சிலரிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கும், சென்னையில் செய்து விற்றது. அவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வண்டியிலும் கீழே ட்ரனியன் உண்டு, ஆனால் அதற்குக் கிறீஸ் அல்ல, 90ஆம் நம்பர் கியர் எண்ணெய். மைனர்காரர் சொல்வதைக் கேட்டுக் கிறீஸ் அடிக்காதீர்கள்.

இனி பிறேக். உங்கள் வண்டியில் நாலு சில்லுக்கும் ஒரே ஹைட்ரோலிக் சுற்று. இன்றைய வண்டிகளில் ஒரு சுற்று போனால் மற்றது பிடிக்கும். இதில் எங்கே ஒழுகினாலும் நாலும் போகும், மிஞ்சுவது ஹேண்ட் பிறேக். அதனால் பிறேக்கில் 'இப்போதைக்கு இது போதும்' என்ற பேச்சு வேண்டாம்.

முதல் மிதியில் இறங்கி இரண்டாம் மிதியில் பிடிக்கிறதென்றால், அனேகமாக ஷூக்கள் ட்ரம்மை விட்டுத் தூரப் போயிருக்கின்றன. சில்லின் துளை வழியாகத் திருப்புளியை விட்டு அட்ஜஸ்டரைத் திருப்பி, ட்ரம் இறுகும்வரை போய், ஒரு பல் பின்னால் விடுங்கள். முன்சில்லில் இரண்டு அட்ஜஸ்டர்கள், பின்சில்லில் ஒன்று. முன்னால் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறக்கிறவர்கள் அதிகம். இதைச் செய்ததும் மிதி மேலே வந்தால் நல்லது. மிதி மேலே வந்தும் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று. காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மிதி மெல்ல மெல்லக் கீழே போனால், வெளியே எங்கும் ஒழுகாமலும் அப்படிப் போனால், மாஸ்டர் சிலிண்டரின் உள் றப்பர் தேய்ந்துவிட்டது.

ஆனால் சில வருடம் நின்ற வண்டி என்கிறீர்கள். அட்ஜஸ்ட் பண்ணி மிதி சரியானாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் எல்லா றப்பர்களையும் மாற்றாமல் றோட்டில் இறங்க மாட்டேன். சில்லுகளில் மொத்தம் 6 சிலிண்டர்கள், முன்னால் பக்கத்துக்கு இரண்டு, பின்னால் ஒவ்வொன்று. வளையும் குழாய்கள் 3. பழைய குழாய் வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும், உள்ளே வீங்கி ஒடுங்கியிருக்கும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. இரும்புக் குழாய்களில் செதில் செதிலாகத் துரு இருந்தால் செப்பு-நிக்கல் குழாய் போடுங்கள், உப்புக் காற்றுக்கு அது தாங்கும்.

மூன்று எச்சரிக்கைகள். பழைய ஷூக்களின் தூளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். சிலிண்டர்களையும் றப்பர்களையும் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவாதீர்கள், எஞ்சின் ஒயில் ஒரு துளியும் படக்கூடாது. அவை பட்டால் றப்பர் ஊதி, பிறேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கழுவ மெதிலேற்றட் ஸ்பிரிற், நிரப்ப டொட் 4 என்று போட்ட புதுப் போத்தல், அவ்வளவுதான். பாதி பாவித்துத் திறந்து வைத்த போத்தல் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், அதைத் தொடாதீர்கள். பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் தோலை உரித்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டர் உங்கள் காலடியில், தளத்துக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் அதன் மூடி தெரியும். அதைக் கழற்றுவதுதான் மைனரில் எனக்குப் பிடிக்காத வேலை. போல்ற்றுகள் கழலும், ஆனால் உருவ முடியாது. டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். பொறுமை இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் இந்த ஒன்றை மட்டும் கராஜில் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. திரும்பப் பூட்டும்போது போல்ற்றை மறுபக்கமிருந்து செலுத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஸ்பானர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் பெட்டியோடு இந்த வண்டிக்குள் வருவீர்கள் என்று தெரிகிறது. அந்தப் பெட்டியில் இருப்பது மில்லிமீற்றர். உங்கள் மைனர் அங்குலம். அரை அங்குல நட்டில் 13 ஸ்பானர் போகும், ஏனென்றால் அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர். இரண்டு தடவை கழற்றினால் நட்டின் மூலை உருண்டுவிடும். அதைவிட மோசம் போல்ற். 5/16 அங்குலப் போல்ற் 8 மில்லிமீற்றர் போல்ற் போலவே இருக்கும், முதல் சுற்றுக்குப் போகும், பிறகு இறுகும். இறுகுகிறதே என்று நெம்பினால் சட்டத்திலுள்ள புரி போய்விடும். உங்களுக்கு முன்னே யாரோ நெம்பியிருக்கவும் கூடும், எனவே கையால் திருகி ஏறாத எந்தப் போல்ற்றையும் சந்தேகியுங்கள். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று அளவும் வாங்கினால் வண்டியின் பெரும்பகுதி கழலும். கூடவே அந்தக் காலத்து வேர்க்ஷொப் மனுவலின் மறுபதிப்பு ஒன்று.

ஸ்ரியறிங் நுனியின் பந்து மூட்டை மாற்றுவதானால், கழற்றும் முன் எத்தனை புரி வெளியே தெரிகிறது என்று பெயின்ற்றால் அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். மூட்டு இறுகி வராமல் நின்றால், அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடியுங்கள், துள்ளி வரும். புரியின் நுனியில் அடிக்காதீர்கள். முடிந்ததும் முன்சில்லுகள் முன்னால் 3/32 அங்குலம் உள்நோக்கி இருக்க வேண்டும். அலைன்மென்ற் கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கணினியில் மைனர் இல்லை என்று சொல்வார்கள், எண்ணைச் சொன்னால் செய்வார்கள்.

இப்போதுதான் எஞ்சின். 1990க்குப் பிறகு பெற்றோல் வராத நாட்களில் யாழ்ப்பாணத்து மைனர்களும் ஒஸ்ரின்களும் எப்படி ஓடின என்பது உங்கள் வயதுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இன்றைய எஞ்சின் எதுவும் அதைப் பொறுக்காது. ஆனால் விலை இல்லாமல் போகவில்லை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்பிலிருக்கும் ஒயிலையும் தண்ணீராக்கும். எனவே உங்கள் எஞ்சினில் றிங் தேய்ந்திருக்கலாம். தேய்ந்திருக்கிறது என்று சொல்வதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்.

ஒரு கொம்பிரஷன் கேஜ் வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள். எஞ்சின் சூடாக, நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலறேற்றரை முழுதாக மிதித்து, ஒவ்வொன்றாக அளவெடுங்கள். நாலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளவெடுங்கள். அளவு ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். அது வீட்டில் செய்யக்கூடியது, எஞ்சினை வண்டியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. புகையையும் கவனியுங்கள். காலை எடுத்து வேகம் குறைந்து, திரும்ப மிதிக்கும்போது மட்டும் ஒரு வீச்சு நீலப் புகை என்றால் வால்வு கைட். ஓடும் நேரமெல்லாம் புகைத்தால் றிங். எல்லாம் சுமாராக இருந்தால் 20டபிள்யூ-50 ஒயிலை ஊற்றிவிட்டு இரண்டு வருடம் ஓட்டுங்கள். பழைய மைனர் கொஞ்சம் புகைத்தால் யாரும் குறை நினைப்பதில்லை.

வால்வுகள் சத்தம் போட்டால், இடைவெளியை 0.012 அங்குலத்துக்கு வையுங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. எந்த வால்வை எப்போது வைப்பது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு: 8ஆவது முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஆவதை, 6ஆவது திறந்திருக்கும்போது 3ஆவதை, கூட்டினால் எப்போதும் 9. அளவு சரியாக வைத்தும் சத்தம் நிற்காவிட்டால் றொக்கரின் முகத்தில் குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் அந்தக் குழிக்குள் இறங்காமல் பொய் சொல்லும். மின்சாரப் பக்கத்தில் ஒன்றே ஒன்று நினைவில் வையுங்கள்: இந்த வண்டியில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு சேரும். பற்றரி மாற்றுகிற பையன் வழக்கம்போல மறுபக்கம் பூட்டிவிட்டுப் போவான்.

பாகம் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். மைனர் வகை வண்டிகள் 1971 வரை செய்யப்பட்டன, எல்லாமாகப் பதினாறு லட்சம் அளவில். இங்கிலாந்தில் இன்னமும் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன, தபாலில் அனுப்புவார்கள். இங்கும் 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதுக் கார் வரத்து இல்லாததால், இருந்த மைனரைத் திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டப் பழகியவர்கள் ஏராளம். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய்விட்டது என்றால், பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களில் மைனரின் உடம்புத் தகடுகளை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். ஆனால் புதிதாக வருவதெல்லாம் நல்லது என்று நம்பாதீர்கள். கொண்டென்சர், றோட்டர் ஆர்ம் போன்ற சின்னச் சாமான்களில் இப்போது வருவன பல மட்டம். ஓடிக்கொண்டிருக்கும் பழையதைக் கழற்றினால் எறியாமல் டிக்கியில் வைத்திருங்கள். றப்பர் சாமான்களை வாங்கும்போது மடித்துப் பாருங்கள், வெடிப்பு விழுந்தால் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் தம்பியின் யோசனை. ஜப்பான் எஞ்சின் போட்ட மைனர்கள் ஓடுகின்றன, வேகமாகவும் ஓடுகின்றன. உங்கள் 948 எஞ்சினின் சக்தி 37 குதிரை. முன்பிறேக்கின் 7 அங்குல ட்ரம் அந்த 37 குதிரைக்கென்று வைத்தது. இரட்டிப்பு சக்தியைப் போட்டுவிட்டு அதே ட்ரம்மை நம்பி ஏ9 வீதியில் பஸ்ஸை முந்தப் போனால் என்ன நடக்கும் என்று அவரிடம் கேளுங்கள். டிஸ்க் பிறேக், தடித்த நிலைக்கால், வேறு கியர்பொக்ஸ், அதற்கேற்ற பின் அச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் காசு தருவதானால் யோசிக்கலாம். தருவதாக இல்லையென்றால், அந்தக் கடப்பாரையைப் பிடித்து ரயரை நெம்ப ஒரு ஆள் வேண்டும் என்றேனே, சனிக்கிழமை அவரை வரச் சொல்லுங்கள்.